பசையை உலர்த்துவது வெப்பமா, காற்றா?

நுரைப்பஞ்சின் மீது தடவிய பசையை வெப்பக்காற்றால் உலர்த்தும் இயந்திரம் ஆய்வுக்குரிய பொருளாகுமா என்று கேட்டால், நம் பொறியியல் துறைகளில் விடை உடனே வந்துவிடும்: ‘அது தீர்ந்துபோன தொழில்நுட்பம். வேண்டுமானால் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம்.’ அந்த விடையை மறுப்பதற்காகவே இப்பதிவை எழுதுகிறேன். திருவனந்தபுரம் போன்ற ஈரக்காற்று நகரில் அந்த இயந்திரம் இன்னும் தீராத சிக்கலாகவே இருக்கிறது. அதைத் தீர்க்காமல் விட்டதன் கேடு, மெத்தை, சோஃபா, செருப்பு ஆகியவற்றைச் செய்யும் சிறு பட்டறைகளில் உட்கார்ந்திருப்பவர்களின் மூச்சில் போய்ச் சேர்கிறது.

முதலில் இயந்திரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நுரைப்பஞ்சுத் துண்டுகளை ஒன்றோடொன்றோ, துணியோடோ, தோலோடோ ஒட்டுவதற்குப் பெரும்பாலும் ரப்பர் வகைப் பசையையே பயன்படுத்துகிறார்கள். இரண்டு பரப்புகளிலும் தடவி, பசையிலுள்ள திரவம் ஆவியாகிப் போகும்வரை காத்திருந்து, பிறகு அழுத்தி ஒட்ட வேண்டும். இந்தக் காத்திருப்பைச் சுருக்குவதே உலர்த்தியின் வேலை. கதவு வைத்த பெட்டியாக இருக்கலாம். பட்டையில் துண்டுகள் நகர்ந்து செல்லும் சுரங்கமாக இருக்கலாம். வசதியற்ற இடத்தில் ஒரு மேசை விசிறியும் கையில் பிடிக்கும் ஹீட் கன்னுமே உலர்த்தியாகிவிடுகின்றன. வடிவம் எதுவாயினும் வெப்பம், காற்றோட்டம் என்ற இரண்டே அதன் கருவிகள்.

இவ்விரண்டில் முதன்மையானது எது? பலர் வெப்பம் என்பார்கள். வாங்குபவர் முதலில் கேட்பதும் ‘எத்தனை டிகிரி வரை போகும்?’ என்பதைத்தான். ஆனால் உலர்தல் என்பது ஒரு திரவம் ஆவியாகி, அவ்விடத்தைவிட்டு அகல்வது. ஆவியாவதற்கு ஆற்றல் தருவது வெப்பம்; ஆவியை அகற்றுவது காற்று. அகற்றப்படாத ஆவி பரப்பின் மேலேயே தேங்கி, அடுத்து எழவேண்டிய ஆவியைத் தடுத்து நிறுத்துகிறது.

நுரைப்பஞ்சில் இது இன்னும் கடுமையாக வெளிப்படும். உலோகத் தகட்டில் தடவிய பசைக்குத் தகட்டின் அடியிலிருந்தும் வெப்பம் ஊட்டலாம். நுரைப்பஞ்சோ வெப்பக்கடத்தாப் பொருள். அதன் வழியாக வெப்பம் எளிதில் ஏறாது. வெப்பம் முழுவதும் மேலிருந்தே வர வேண்டும். வெப்பத்தை அளவுக்கு மீறிக் கூட்டினால் பசையின் மேற்பரப்பு முந்திக்கொண்டு உலர்ந்து ஏடு கட்டிவிடும். அடியிலுள்ள கரைப்பான் வெளியேற வழியின்றிச் சிறைப்படும். ஒட்டிய பொருள் அன்று உறுதியாகத் தோன்றி, சில வாரங்களில் குமிழ்விட்டுப் பிரியும். செருப்பு அடிகளுக்குப் பயன்படும் ஈ.வி.ஏ. நுரையோ, 70 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகத் தொடங்கிவிடும்.

இந்த அறிவு நம் மண்ணுக்குப் புதிதன்று. கன்னியாகுமரி மாவட்டத்திலும் தென்கேரளத்திலும் ரப்பர் ஷீட்டுகளைப் புகைக்கூடத்தில் உலர்த்துபவர்கள் முதல் நாளில் வெப்பத்தைக் குறைவாக வைத்து, காற்றுத் துளைகளைத் திறந்துவிடுவார்கள். ஈரம் பெரும்பகுதி வெளியேறிய பிறகே துளைகளைக் குறுக்கி, வெப்பத்தை 60 டிகிரியை நோக்கிப் படிப்படியாக உயர்த்துவார்கள். அவசரப்பட்டு வெப்பம் ஏற்றினால் ஷீட்டில் கொப்புளம் விழும், தரம் இறங்கும். பசையில் ஏடு கட்டுவதும் ஷீட்டில் கொப்புளம் எழுவதும் இயற்பியல் அளவில் ஏறத்தாழ ஒன்றே. புகைக்கூடக்காரர் அறிந்த இந்த ஒழுங்கு பல உலர்த்திகளின் வடிவமைப்பில் இல்லை. அவற்றில் வெப்பத்துக்கு ஒரு திருகு இருக்கிறது. வெளியேறும் காற்றுக்கு எதுவும் இல்லை.

அகற்றப்பட்ட ஆவி எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. இதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். ஒரு கிலோ டொலுயீன் முழுவதும் ஆவியானால், 30 டிகிரியில் ஏறத்தாழ 0.27 கன மீட்டர் ஆவி கிடைக்கும். காற்றில் அதன் அளவு 1.1 விழுக்காட்டை எட்டினால் தீப்பற்றலாம். அந்த எல்லையில் கால்பங்குக்குள் நிறுத்துவது உலர்த்தும் அடுப்புகளில் வழங்கும் பாதுகாப்பு மரபு. அதற்கு அந்த ஒரு கிலோவை ஏறத்தாழ 100 கன மீட்டர் காற்றில் கலக்க வேண்டும். 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் கொண்ட பட்டறையின் கொள்ளளவு 180 கன மீட்டர். ஆகவே தீ குறித்த அச்சம் இல்லை என்று ஆறுதல் கொள்ளலாம்.

நுரையீரலின் கணக்கு வேறு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, எட்டு மணி நேர வேலைக்கு டொலுயீனுக்கு வகுத்திருந்த எல்லை பத்து இலட்சத்தில் 100 பங்கு. அதற்குள் நிற்க அதே ஒரு கிலோவுக்கு 2,700 கன மீட்டர் காற்று வேண்டும். அதாவது அந்தப் பட்டறையைப் போல 15 பட்டறைகளின் காற்று. அமெரிக்கத் தொழிற்சுகாதார வல்லுநர் அமைப்பு பரிந்துரைக்கும் பத்து இலட்சத்தில் 20 பங்கு என்ற எல்லையைக் கொண்டால் 13,500 கன மீட்டர். தீயிலிருந்து காக்கும் காற்றோட்டம் மனிதரைக் காக்கப் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. மேசை விசிறி இதற்குத் தீர்வாகாது. அது ஆவியைப் பசையிடமிருந்து விலக்கி, அறையிலுள்ள எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. ஆவியைப் பிறக்கும் இடத்திலேயே உறிஞ்சி வெளியே கொண்டுசெல்லும் குழாயும் உலர்த்தியின் உறுப்பாக இருக்க வேண்டும். அதைத் தனியாக வாங்கவேண்டிய துணைப்பொருளாக விற்பது வடிவமைப்பின் குறை.

வரலாறும் இதையே சொல்கிறது. இஸ்தான்புல் நகரில் மருத்துவர் முசாஃபர் அக்சோயும் அவருடைய குழுவினரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வு, பென்சீன் கலந்த பசையோடு நெடுநாள் பழகி இரத்தப் புற்றுநோய்க்கு ஆளான 26 காலணித் தொழிலாளர்களைப் பற்றியது. ஜப்பானில் பென்சீன் பசை முன்னதாகவே தடைசெய்யப்பட்டது. அதன் இடத்தில் ஹெக்சேன் வந்தது. வீட்டிலேயே செருப்பு ஒட்டிக்கொண்டிருந்தவர்களின் கைகால்கள் மரத்துப்போகத் தொடங்கின. 1969-இல் யமமுரா வெளியிட்ட ஆய்வு நரம்புச் சிதைவுக்கு ஆளான 93 பேரைப் பதிவுசெய்தது. பொருள் மாறியது; அறையின் காற்று மாறவில்லை. நோய் இரத்தத்தை விட்டு நரம்புக்கு இடம்பெயர்ந்தது.

இந்த இடத்தில் நண்பர்கள் நியாயமாகவே கேட்பார்கள்: ‘கரைப்பானைக் கைவிட்டு நீர்வழிப் பசைக்கு மாறிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமே?’ மாற வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. நாட்டின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதியை விளைவிக்கும் மாநிலத்தில், ரப்பர்பாலையே அடிப்படையாகக் கொண்ட பசைக்கு மாறுவது பொருளியல் நோக்கிலும் பொருத்தமானது. ஆனால் திருவனந்தபுரத்தின் காற்று இதில் குறுக்கே நிற்கிறது. காற்றில் டொலுயீன் இயல்பாக இல்லை; எவ்வளவு தந்தாலும் ஏற்றுக்கொள்ளும். நீராவியோ ஏற்கெனவே நிறைந்து கிடக்கிறது. போதாக்குறைக்கு, ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வேண்டும். டொலுயீனுக்கு 400 அளவில் போதும். ஆறு மடங்கு வேறுபாடு.

இதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். 20 டிகிரி வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள குளிர்நாட்டுக் காற்றை 50 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஒப்பு ஈரப்பதம் 10 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும். 30 டிகிரியும் 80 விழுக்காடும் உள்ள நம் மழைக்காலக் காற்றை அதே 50 டிகிரிக்குச் சூடாக்கினால் 27 விழுக்காட்டில் நின்றுவிடும். ஈரப்பரப்பு உலரும் தொடக்கக் கட்டத்தில், வேகத்தை முடிவுசெய்வது காற்றின் வெப்பத்துக்கும் ஈரக்குமிழ் வெப்பத்துக்கும் இடையிலான வேறுபாடு. அது முதற்காற்றில் 26 டிகிரிக்குச் சற்று மேல். நம் காற்றில் 19-க்குச் சற்றுக் குறைவு. அதாவது அதே இயந்திரம், அதே திருகு, அதே பசை. உலரும் வேகம் மட்டும் ஏறத்தாழ 70 விழுக்காடு.

இழந்த வேகத்தை வெப்பத்தால் மீட்க முயன்றால் காற்றை 60 டிகிரிக்கு ஏற்ற வேண்டும், ஈ.வி.ஏ. நுரை இளகும் எல்லையை நோக்கி நகர்கிறோம். காற்றின் வேகத்தால் மீட்க முயன்றால் அதை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்க வேண்டும். விசிறியின் மின்செலவு மூன்றரை மடங்குக்கும் மேலே போகும், ஈரப்பசையும் அலையலையாகத் தள்ளப்படும். மின்சாரத்தை மிச்சப்படுத்த உள்காற்றையே மீண்டும் மீண்டும் சுழலவிட்டால், ஏற்கெனவே கனத்த காற்று மேலும் கனக்கும். காற்றிலுள்ள ஈரத்தைக் குளிர்வித்துப் பிரித்து, அதில் கிடைக்கும் வெப்பத்தையே திரும்ப ஊட்டும் வெப்ப இறைப்பி உலர்த்தி ஒரு நல்ல வழி. ஆனால் அதன் முதலீடு சிறு பட்டறைக்குச் சுமை. ஆக, நீர்வழிப் பசை உலராமல் இழுத்தடிக்கும்போது பட்டறைக்காரர் பழைய டொலுயீன் பசைக்கே திரும்புவதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. அவருக்குக் கிடைத்த இயந்திரம் வேறொரு நாட்டின் காற்றுக்காகச் செய்யப்பட்டது.

இதைத் திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு எழுதுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. உலர்த்துவதிலும் நுரையிலும் ரப்பர்பாலிலும் இந்நகருக்கு உள்ள அறிவுச் செல்வம் பெரியது. 1963-இல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் எழுந்தது. இன்று நம் ஏவுகலங்களின் கடுங்குளிர்க் கலன்களில் மைனஸ் 253 டிகிரித் திரவ ஹைட்ரஜனைக் காப்பது பாலியுரெத்தேன் நுரை. பேரூர்க்கடையில் இந்துஸ்தான் லேட்டக்ஸ் 1969 முதல் ரப்பர்பாலை மெல்லிய படலமாக்கி உலர்த்திவருகிறது. பாப்பனங்கோட்டில் 1975-இல் தொடங்கி, வட்டார ஆராய்ச்சிக்கூடமாக அறியப்பட்டு, இன்று தேசிய பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமாக விளங்கும் ஆய்வகம், வேளாண் விளைபொருள்களுக்காக விசிறியே தேவைப்படாத இயற்கை வெப்பச்சலன உலர்த்தியை உருவாக்கியது. அந்த ஆய்வகத்தின் முகவரியிலேயே தொழிற்பேட்டை இருக்கிறது. மிளகையும் கொப்பரையையும் உலர்த்துவது அறிவியல் ஆகுமானால், ஒரு செருப்படியின் பசையை உலர்த்துவதும் அறிவியலே.

மறுப்புகளையும் கேட்டிருக்கிறேன். ‘இதில் புதுமை எங்கே? நல்ல ஆய்விதழ் ஏற்குமா?’ என்பது ஒன்று. நுண்துளைப் பரப்பு, ஏடு கட்டும் படலம், ஈரம் மிக்க காற்று ஆகிய மூன்றும் சேர்ந்த உலர்தல் எளிய கணக்கு அன்று. மேலே நான் காட்டியது தொடக்கக் கட்டத்தின் கணக்கு மட்டுமே. படலம் மூடிய பிறகு நடப்பதை அறிய நம் காற்றில், நம் பசையில் அளந்த தரவு வேண்டும். ‘சிறு பட்டறைகளால் வாங்க இயலாது’ என்பது இரண்டாவது. இது ஆய்வைக் கைவிடுவதற்கான காரணம் அன்று. மலிவும் வடிவமைப்பின் நிபந்தனைகளில் ஒன்று. அதை நிறைவேற்றுவதுதான் பொறியியலின் கடமை. ‘சட்டம் இருக்கிறதே’ என்பது மூன்றாவது. அளக்கும் கருவியே நுழையாத அறையில் சட்டத்தின் எண் காகிதத்திலேயே இருக்கும்.

என் வேண்டுகோள் பெரிதன்று. இறுதியாண்டுத் திட்டப்பணிக்குத் தலைப்பு தேடும் மாணவர்கள், 30 டிகிரி வெப்பத்திலும் 80 விழுக்காடு ஈரப்பதத்திலும் ரப்பர்பால் பசை நுரைப்பஞ்சின் மீது எவ்வாறு உலர்கிறது என்பதை எடைபோட்டு, வரைபடமாக்கி, யாவரும் காணும்படி வெளியிடலாம். ஒரு தராசும் ஒரு ஈரமானியும் ஒரு வெப்பக்காற்றுக் குழாயும் இதற்குப் போதும். உலர்த்தி செய்பவர்கள், தங்கள் விவரக் குறிப்பில் உச்ச வெப்பத்தோடு வெளியேற்றும் காற்றின் அளவையும், ஈரநாளில் உலர ஆகும் நேரத்தையும் அச்சிட வேண்டும். நெறியாளர்கள், உலர்த்தியைப் பற்றிய எந்த ஆய்வேட்டிலும் ‘ஆவி எங்கே போயிற்று?’ என்று வாய்மொழித் தேர்வில் ஒருமுறையேனும் கேட்க வேண்டும்.

பசை எவ்வளவு விரைவில் உலர்ந்தது என்பதை இதுவரை அளந்தோம். அருகில் இருந்தவர் எதைச் சுவாசித்தார் என்பதும் அதே அட்டவணையில் ஒரு நிரலாக வர வேண்டும். வெப்பப் பரிமாற்றம், பல்படியியல், தொழில்சார் மருத்துவம் ஆகிய துறைகளில் உள்ள நண்பர்கள் இக்கணக்குகளைச் சரிபார்த்துக் கருத்துரைக்க வேண்டுகிறேன். சேர்ந்து பணியாற்ற விரும்பும் மாணவர்களும் எழுதலாம்.