உண்மையாவே வருத்தம் எண்டு எழுதிறது எப்பிடி?

எங்கடை ஊரிலை வருத்தம் எண்டால் நோய். தமிழ்நாட்டு ஆக்களுக்கு அது கவலை. ஒரு மொழிக்குள்ளையே இப்பிடி எண்டால், லண்டனிலை வேலைக்கு வரேலாது எண்டு இங்கிலீசிலை எழுதேக்கை இன்னும் கவனமா இருக்கவேணும்.

'ஐ ஆம் றியலி இல்' எண்டால் எனக்குக் கடும் வருத்தம். 'ஐ றியலி ஆம் இல்' எண்டால் சத்தியமா வருத்தம், பொய் சொல்லேல்லை. ஒரு சொல்லு இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான். ஆனா இரண்டாவதை வாசிக்கிற மனேச்சர், 'இவனை ஆர் இப்ப பொய்யன் எண்டது?' எண்டுதான் யோசிப்பார். எங்கடை ஆக்கள் அதுக்கு மேலை ஜெனுவின்லி, ட்றூலி எண்டு வேறை அடுக்குவினம். அடுக்க அடுக்கச் சந்தேகம்தான் கூடும்.

'சிக்' இன்னும் வில்லங்கம். 'ஓஃப் சிக்' எண்டால் வருத்தத்திலை லீவு. ஆனா 'ஐ வாஸ் சிக்' எண்டால் பிரித்தானியாவிலை பெரும்பாலும் சத்தி எடுத்தன் எண்டுதான் விளங்குவினம். அமெரிக்காவிலை அப்பிடியில்லை, படம் பாத்து இங்கிலீசு பழகின பெடியளுக்கு இது தெரியாது. வளாகத்திலை நான் பாதியிலை விட்ட படிப்பிலையும் ஒருத்தரும் சொல்லித் தரேல்லை, குசினியிலை நிண்டுதான் படிச்சன்.

சாப்பாட்டுக் கடையிலை இது சின்ன விசயமில்லை. சத்தியோ வயித்தோட்டமோ வந்தால், அது நிண்டு 48 மணித்தியாலம் போகுமட்டும் வேலைக்கு வரக்கூடாது எண்டது இங்கத்தை உணவுத் தர முகவரகத்தின்ரை அறிவுறுத்தல். 2011இலை எங்களோடை நிண்ட ஒரு பெடியனுக்கு நாரிப்பிடிப்பு. 'ஐ வாஸ் றியலி சிக் லாஸ்ற் நைற்' எண்டு மெசேச் அனுப்பினான். மனேச்சர் இரண்டு நாள் வராதை எண்டு நிப்பாட்டிப்போட்டார். அந்தக் காலத்திலை முதல் மூண்டு நாளுக்குச் சட்டப்படியான சுகவீனக் காசும் இல்லை. நாரி நொந்தவனுக்குச் சத்தி எடுத்தவன்ரை தண்டனை.

முதல் ஏழு நாளுக்கு இஞ்சை டொக்டரின்ரை கடிதம் தேவையில்லை. அதுக்கு மேலைதான் ஃபிட் நோட், 2010 மட்டும் சிக் நோட் எண்டு சொன்னது. அப்ப அந்த ஏழு நாளும் நாங்கள் எழுதிறதுதான் சாட்சி. சத்தியம் பண்ணாமல் என்ன வருத்தம், எப்ப துவங்கினது எண்டு எழுதுங்கோ. 'ஐ ஹாவ் ஹாட் எ ஹை ரெம்பறச்சர் சின்ஸ் லாஸ்ற் நைற். ஐ கான்ற் வேர்க் ருடே.' இவ்வளவும் காணும். 'ஐ ஆம் சஃபரிங் ஃப்றம் ஃபீவர்' பள்ளிக்கூட லீவுக் கடிதத்தோடை இருக்கட்டும்.

சத்தி எடுத்திருந்தால் மட்டும் 'சிக்' எண்டே எழுதுங்கோ. சம்பளம் போகுதெண்டு அதை மறைச்சுக்கொண்டு வந்து வெங்காயம் வெட்டாதேங்கோ.