மூன்றடி, ஆறடி, நூறடி

புதிதாக கேமரா வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த லென்ஸ் நல்ல ஷார்ப்பா இருக்கும் சார்?" என்பதைத்தான். கூர்மையைப் பற்றி இனி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். கடந்த நாற்பது ஆண்டுகளில் பெயர்பெற்ற நிறுவனங்கள் செய்த எந்த பிரைம் லென்ஸையும் எஃப்/8-இல் வைத்து எடுங்கள், ஒரு வாரப் பத்திரிகையின் அட்டை முழுக்கப் போட்டாலும் படம் தாங்கும். அதனால் நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். யாரைப் படம் எடுக்கப் போகிறீர்கள்? அவரிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கப் போகிறீர்கள்?

லென்ஸின் மேல் அச்சடித்திருக்கும் மில்லிமீட்டர் எண்ணை நான் அடிக்கணக்கில்தான் படிக்கிறேன். ஃபுல் ஃபிரேம் கேமராவை வெர்ட்டிகலாகப் பிடித்து ஒருவரைத் தலையும் தோளுமாக எடுக்க வேண்டுமென்றால், 35மி.மீ. லென்ஸுக்கு இரண்டடி தூரத்தில் நிற்க வேண்டும். 50 என்றால் மூன்றடி. 85-க்கு ஐந்தடி, 105-க்கு ஆறடி, 200-க்குப் பன்னிரண்டடி. நாலு விரல் முன்பின் இருக்கலாம். கணக்கு இவ்வளவுதான்.

முகத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பதும் இந்தத் தூரமே. மூக்கு நுனியிலிருந்து காது ஏறக்குறைய ஐந்து அங்குலம் பின்னால் இருக்கிறது. கேமரா ஓரடியில் இருந்தால் மூக்கைவிடக் காது நூற்றுக்கு நாற்பது பங்கு அதிகத் தொலைவில் போய்விடும். மூக்கு புடைத்து, காது ஒளிந்துகொள்ளும். ஆறடியில் அதே ஐந்து அங்குலம் நூற்றுக்கு ஏழு பங்குதான். செல்ஃபியில் மூக்கின் அகலம் சுமார் 30 விழுக்காடு பெரிதாகத் தெரிகிறது என்று 2018-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழ் எழுதியது. பன்னிரண்டு அங்குலத் தூரத்துக்கான கணக்கு அது. ஐந்தடிக்குத் தள்ளிப்போனால் அந்தக் கோளாறு கிட்டத்தட்ட மறைந்துவிடும் என்றும் அதிலேயே இருந்தது. டெலி லென்ஸ் முகத்தைத் தட்டையாக்கும், வைடு லென்ஸ் இழுத்துவிடும் என்று நாம் பேசிக்கொள்வதெல்லாம் உண்மையில் நின்ற இடத்தின் வேலை. லென்ஸ் நம்மை அந்த இடத்துக்குப் போகச் சொல்கிறது, அவ்வளவே.

ஆனால் அடிக்கணக்கு வெறும் ஜியோமெட்ரி இல்லை. இரண்டடியில் நிற்பவர் உறவுக்காரர் அல்லது சண்டைக்காரர். மூன்றடி, பேசிக்கொள்ளும் தூரம். ஆறடியில் பார்வை மட்டும்தான் போய்ச்சேரும், பேச்சுக்குக் குரலை உயர்த்த வேண்டும். என்னிடம் உள்ள லென்ஸ்களையும் பாடிகளையும் நான் இப்படித்தான் எடைபோடுகிறேன்.

அதிகம் பயன்படுத்துவது நிக்கான் 50மி.மீ. எஃப்/1.8டி. உள்ளங்கைக்குள் அடங்கும். 160 கிராம்கூட இல்லை. பிளாஸ்டிக் உடம்பு, பின்னால் மவுன்ட் அருகே ஓர் அப்பர்ச்சர் வளையம். முழுக்கத் திறந்து வைத்தால் ஒளிபட்ட ஓரங்களில் மெல்லிய புகை படர்ந்ததுபோல் இருக்கும். எஃப்/4-க்குச் சுருக்கினால் இமைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். செகண்ட் ஹேண்டில் இதைவிட மலிவாக இவ்வளவு நல்ல லென்ஸ் கிடைக்குமா என்று எனக்குச் சந்தேகம். மலிவு என்பதால் நான் இதை வைத்திருக்கவில்லை. இதன் மூன்றடிக்காக வைத்திருக்கிறேன்.

மயிலாப்பூரில் பங்குனி அறுபத்துமூவர் சமயத்தில் மாடவீதி ஓரம் பூக்கட்டும் ஒரு அம்மாவை எடுக்க நினைத்தேன். எதிர்ச்சாரியிலிருந்து பெரிய லென்ஸ்கள் பலவும் அவரையே குறிவைத்துக்கொண்டிருந்தன. அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்ததும் அவரே பேசினார். "அங்கேர்ந்து எடுக்கறவங்க யாருன்னே தெரியல தம்பி. நீ கிட்ட வந்து உக்காந்துட்ட, மொகம் தெரியுது. எடுத்துக்க." மல்லிகையை நார் சுற்றிக்கொண்டே அவர் சொன்ன அந்த நியாயத்தை எந்த லென்ஸ் விமர்சனத்திலும் நான் படித்ததில்லை. எதிராளிக்கு நம் முகம் தெரிய வேண்டும். 50மி.மீ. அதற்கு இடம் கொடுக்கிறது.

ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரு லைக்காவோடும் 50மி.மீ. லென்ஸோடும் கழித்தவர். 1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷியின் கடைசிப் படங்களில் சில அவர் எடுத்தவை. ஏப்ரல் 14 இரவு மகரிஷி மறைந்த நேரத்தில் வானில் ஓர் ஒளிக்கீற்று கடந்து போனதைத் தானும் பார்த்ததாக அவர் பதிவுசெய்திருக்கிறார். அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் அவர் எங்கே நின்றிருப்பார் என்றுதான் என் கண் தேடும். நோயுற்ற ஒருவரின் முன்னால், அவரைச் சூழ்ந்திருக்கும் அடியார்களுக்கு நடுவில், அந்நியர் ஒருவர் எவ்வளவு கிட்டே போகலாம்? 50மி.மீ. என்ற பிறகு அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க வழியில்லை. உள்ளே வர அனுமதி கிடைத்தால் படம் உண்டு, இல்லையென்றால் இல்லை.

ஆறடிக்கு வருவோம். நிக்கான் 105மி.மீ. எஃப்/2.5, மேனுவல் ஃபோகஸ், ஏஐ-எஸ் வகை. நான் மிகவும் நேசிக்கும் லென்ஸ் இது. 1959-இல் நிக்கானின் எஃப் மவுன்ட் வந்தபோதே இந்த வரிசையும் வந்துவிட்டது. 1971-இல் உள்ளே கண்ணாடி அமைப்பை மாற்றினார்கள். 1981-இல் வந்த ஏஐ-எஸ் பதிப்புக்கு முன்னால் இழுத்துவிடும் ஹூட் சேர்ந்தே இருக்கிறது. முழுக்க உலோகம், 435 கிராம். ஃபோகஸ் வளையம் எண்ணெயில் மிதப்பதுபோல் சுழலும். ஆறடியில் எஃப்/2.5 வைத்தால் கூர்மையாக விழும் ஆழம் இரண்டு அங்குலத்துக்கும் குறைவு. கண்ணில் வைத்தால் காது கரைந்துவிடும். அந்தக் கரைதலில் வெட்டு இல்லை, பின்னணி மென்மையாகப் பின்வாங்குகிறது. கணினியில் வடிவமைத்த இன்றைய லென்ஸ்கள் இதைவிடக் கூர்மையாக இருக்கலாம். ஒரு முதியவரின் தோலை இவ்வளவு மரியாதையோடு காட்டும் லென்ஸை நான் இன்னும் கையில் பிடிக்கவில்லை.

இந்த லென்ஸால் எடுத்த ஒரு படத்தை உலகமே அறியும். 1984-இல் பெஷாவருக்கு அருகே நாசிர் பாக் அகதிகள் முகாமில், நிக்கான் எஃப்எம்2 பாடியில் 105 எஃப்/2.5 மாட்டி, கோடாக்குரோம் 64 ஃபிலிமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த ஆப்கான் சிறுமி. 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாக்ரஃபிக் அட்டையில் வந்தது. 2002-இல் அந்தப் பெண்ணைத் தேடிக் கண்டபோது, முன்பின் தெரியாத ஆள் படமெடுத்ததால் அன்று கோபம் வந்தது நினைவிருக்கிறது என்றார். அதைப் படித்த பிறகு ஆறடியைப் பற்றிய என் நினைப்பு இறுகியது. அது ஆபத்தான தூரம். கண்ணின் நிறம் தெளிவாகத் தெரியும் அளவுக்குக் கிட்டே, ஒரு வார்த்தை கேட்காமலே எடுத்துவிட்டு நகரும் அளவுக்கு எட்டே. அதனால் 105-ஐ மாட்டிக்கொண்டு போகும்போது முதலில் மூன்றடிக்குப் போய்ப் பேசிவிட்டு, பிறகுதான் பின்னால் நகர்ந்து ஆறடிக்கு வருகிறேன்.

85மி.மீ. ஒன்றும் வைத்திருந்தேன், விற்றுவிட்டேன். ஐந்தடி எனக்கு ஒட்டவில்லை.

பழைய லென்ஸ் வாங்குபவர்களுக்கு இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் கடற்கரை ஊர்களில் லென்ஸுக்கு முதல் எதிரி ஃபங்கஸ். வாங்குமுன் அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல்போல் கிளை பிரிந்திருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். அது கோட்டிங்கை அரித்துவிட்டால் துடைத்தும் பயனில்லை. வாங்கியதை பீரோவில் தோல் உறைக்குள் பூட்டி வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும்.

இரண்டடிக்கு என்னிடம் இருப்பது தனி லென்ஸ் இல்லை, கேமராவோடு ஒட்டியே வரும் லென்ஸ். ஃபியூஜி எக்ஸ்100எஃப். ஏபிஎஸ்-சி சென்சார், 23மி.மீ. எஃப்/2. ஃபுல் ஃபிரேம் கணக்கில் 35-க்குச் சமம். அரைக் கிலோவுக்குக் கீழே. எஸ்எல்ஆர்-களில்போல் எழுந்து இறங்கும் கண்ணாடி இதில் கிடையாது, ஷட்டரும் லென்ஸுக்குள்ளேயே இருக்கும் லீஃப் ஷட்டர் என்பதால் சத்தம் மிகக் குறைவு. மூச்சு விடும் சத்தம்தான். தூங்கும் குழந்தையின் பக்கத்தில், சமையற்கட்டில் அம்மாவின் தோளருகில், இரண்டடியில் நிற்க இப்படி ஒரு கேமராதான் வேண்டும். ஆப்டிகல் வியூஃபைண்டரில் ஃபிரேமுக்கு வெளியேயும் தெரியும் என்பதால் யார் உள்ளே வரப்போகிறார்கள் என்று காத்திருக்க முடிகிறது. மிக நெருக்கத்தில் எஃப்/2 சற்றுக் குழையும். எஃப்/4 வைத்துவிடுவேன்.

பாடிகளைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. 50-ம் 105-ம் நிக்கான் டி700-இல் ஏறுகின்றன. 2008-இல் வந்த பாடி, 12 மெகாபிக்சல். போதுமா என்று கேட்கிறார்கள். படத்தின் அகலம் 4256 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சிட்டால் பதினான்கு அங்குலம் வரும். நம் வீட்டுச் சுவர்களில் மாட்டும் படங்களில் எத்தனை அதைவிடப் பெரியவை? பழைய மேனுவல் லென்ஸின் அளவையும் அப்பர்ச்சரையும் மெனுவில் பதித்துவிட்டால் மீட்டர் சரியாக வேலைசெய்கிறது. ஃபோகஸ் கிடைத்ததும் வியூஃபைண்டரில் ஒரு புள்ளி ஒளிரும். புதிய மிரர்லெஸ் பாடிகளின் கண்-ஃபோகஸ் அற்புதமானது, மறுக்கவில்லை. ஆனால் நிக்கானின் இசட் மவுன்டுக்கான எஃப்டிஇசட் அடாப்டரில் மோட்டார் இல்லை, தன்னுள்ளும் மோட்டார் இல்லாத என் 50டி அங்கே ஆட்டோஃபோகஸை இழந்துவிடும். அடாப்டர் மாட்டியும் பாதி கண்பார்வையோடு அதை ஓட்ட எனக்கு மனமில்லை.

எஃப்எம்2-ஐ இன்னும் எடுக்கிறேன், 105-க்குத் துணையாக. ஷட்டர் முழுக்க எந்திரம், 1/4000 நொடிவரை பேட்டரியே இல்லாமல் ஓடும். மீட்டருக்கு மட்டும்தான் பேட்டரி. ஒவ்வொரு கிளிக்குக்குப் பிறகும் கட்டைவிரலால் லீவரை இழுக்க வேண்டும். எதிரில் இருப்பவர் போஸை விட்டுத் தன் இயல்புக்குத் திரும்ப அந்த ஒரு நொடி உதவுகிறது.

நூறடிக்கு வேறு நியாயம். 200–500மி.மீ. எஃப்/5.6 லென்ஸை, 1.5 கிராப் உள்ள டி500 பாடியில் மாட்டி வேடந்தாங்கலுக்குக் கொண்டுபோவேன். லென்ஸ் மட்டுமே 2.3 கிலோ. மூன்றடி உயரமுள்ள சங்குவளை நாரையை 500-இல், நூறடி தள்ளி நின்று, வெர்ட்டிகல் ஃபிரேமில் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பலாம். மனிதர்களிடம் கிட்டே போவது மரியாதை என்றேன். கூட்டில் குஞ்சு வைத்திருக்கும் பறவையிடம் தள்ளி நிற்பதே மரியாதை. நாம் நெருங்கித் தாய் எழுந்து பறந்தால், வெயிலிலும் காகத்தின் முன்னாலும் குஞ்சு தனியாகக் கிடக்கும். கூட்டுக்குப் பத்தடியில் நின்று எடுத்த படத்தை யாராவது பெருமையாகக் காட்டினால் நான் பாராட்டுவதில்லை. தள்ளி நிற்க வேண்டிய இடத்தில் தள்ளி நிற்கத்தான் இந்தக் கனத்தைச் சுமக்கிறோம்.

இந்த இடத்தில் மா.கிருஷ்ணனை நினைக்காமல் இருக்க முடியாது. நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன். கானுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். வெவ்வேறு கருவிகளின் பாகங்களை இணைத்துத் தனக்கென்று அமைத்துக்கொண்ட கேமராவுக்கு சூப்பர் பாண்டெரோசா என்று பெயரிட்டிருந்தார். ஆட்டோஃபோகஸ், நொடிக்குப் பத்து ஃபிரேம் எதுவும் அவரிடம் இல்லை. விலங்கு எந்தத் தூரம்வரை நம்மைப் பொறுத்துக்கொள்ளும் என்ற அறிவு இருந்தது. அவர் எடுத்த யானைகள் கலவரமில்லாமல் தங்கள் பாட்டுக்கு நிற்கின்றன.

ஜூம் லென்ஸ் எனக்கு ஆகாது என்று நண்பர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நின்ற இடத்திலிருந்தே வளையத்தைத் திருப்பி ஃபிரேமை நிரப்பும் பழக்கம்தான் ஆகாது. முகத்துக்கு எந்தத் தூரம் பொருந்தும் என்று முதலில் முடிவுசெய்து, அங்கே போய் நின்று, பிறகு வளையத்தைத் திருப்பினால் ஜூமைப்போல் வசதியான லென்ஸ் வேறில்லை.

அதனால் கிராப் சென்சார் பாடியோடு 18–55 கிட் லென்ஸ் வைத்திருப்பவர்கள் உடனே எதுவும் வாங்க வேண்டாம். ஜூம் வளையத்தை 35-இல் வைத்து ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். இது மூன்றடி லென்ஸ் ஆகிவிடும். டீக்கடை மாஸ்டர், இஸ்திரி போடும் அண்ணன், மாடிவீட்டுப் பாட்டி என்று தெரிந்தவர்களை ஒரு மாதம் இதிலேயே எடுங்கள். அடுத்த மாதம் டேப்பை 55-க்கு மாற்றுங்கள், ஐந்தடி. எந்த மாதத்துப் படங்களில் உங்களைப் பார்த்து முகங்கள் இளகியிருக்கின்றன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 35 என்றால் 35மி.மீ. எஃப்/1.8ஜி டிஎக்ஸ் வாங்கலாம். 55 என்றால் 50மி.மீ. எஃப்/1.8. நிக்கான் டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை என்பதால் அவற்றை வைத்திருப்பவர்கள் 50-இலும் டி வகையை விட்டு ஜி வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். கடைக்குப் போகும்போது டார்ச்சை மறக்க வேண்டாம்.