அடம்பு அறியாத தமிழ் வகுப்பு

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய 99 மலர்களையும் மூச்சுவிடாமல் ஒப்புவிக்கும் மாணவர்கள் நம் துறையில் உண்டு. அவர்களுள் ஒருவரிடம் தும்பைச் செடியைக் காட்டி, இஃது யாதென வினவினேன். ‘ஏதோ களை, ஐயா’ என்றார். பேருந்தில் அவர் ஒப்புவித்த பட்டியலில் தும்பையும் இருந்தது. பிழை அவருடையதன்று, பட்டியலை மட்டும் கற்பித்த என் போன்றோருடையது.

சென்ற தை மாதத்தில் தாவரவியல் துறையாருடன் கோடியக்கரைப் புல்வெளிக்குச் சென்றபோது நிகழ்ந்தது இது. 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடமாதலின் பூவொன்றும் பறித்தலாகாது. குறிப்பேட்டுடன் குனிந்து பார்ப்பதே எங்கள் பணி. புல்லிடையே விஷ்ணுகிரந்தியின் நீலப்பூவைக் காண மண்டியிட வேண்டியிருந்தது. மணலைப் பற்றி நிறுத்தும் இராவணன் மீசையை மாணவர் தொட்டுக் குத்துப்பட்டு அறிந்தனர்.

கடலை அடுத்த மணல்மேட்டில் ஊதாநிற அடம்பு பூத்திருந்தது. அதன் பிளவுபட்ட இலையை மானின் அடிக்கு ஒப்பிட்டார் குறுந்தொகைப் புலவர் நம்பி குட்டுவனார். இருபது ஆண்டுகளாக அவ்வுவமையைப் பாடம் சொல்லி வந்தேன். அன்று இலையருகே ஈரமணலில் வெளிமானின் குளம்புத் தடம் பதிந்திருந்தது. இரண்டையும் ஒருசேரக் கண்ட பின்னரே அவ்வுவமை எனக்கு விளங்கிற்று என்பதைச் சொல்ல வெட்கமில்லை. தாவரவியல் பேராசிரியர் அதன் இலத்தீன் பெயருக்கு ‘ஆட்டின் பாதம்’ என்று பொருள் என்றார். அவர்தம் மாணவருக்கு அப்பெயர் தெரியும், அடம்பு தெரியாது; எம்மவருக்கு அடம்பு என்னும் சொல் தெரியும், கொடி தெரியாது. வழியே வந்த மீனவப் பெண்மணி ஒருவரோ, ‘அடப்பங்கொடியைப் பார்க்கவா இத்தனை தூரம் வந்தீர்கள்?’ என்று கேட்டுச் சிரித்தார்.

பாடத்திட்டம் முடியவில்லை, இதற்கேது நேரம் என்பார் உளர். நெய்தல் திணையின் கருப்பொருளைக் கரும்பலகையில் எழுதிப்போடும் இரண்டு மணி நேரத்தைக் கடற்கரைக்குக் கொடுத்தால் பாடம் குறையாது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கும் இடமில்லை. அப்புல்வெளியில் சீமைக்கருவேலம் புகுந்து பரவிவருகிறது. அதன் நிழலில் சிறுபூண்டுகள் தழைப்பதில்லை. செடி மறைந்தால், அகராதியில் ‘ஒரு வகைக் கொடி’ என்னும் குறிப்பே எஞ்சும்.

பெரியவர்களிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. மாணவியருள் எழுவரே அன்று வந்தனர். ஏனையோர் வீட்டில் இசைவு கிட்டவில்லை. வந்த எழுவரின் குறிப்பேடுகளே செம்மையாக அமைந்தவை. பெற்றோரின் தயக்கத்தை நான் குறைகூறவில்லை, எனக்கும் மகள் இருக்கிறாள். அடுத்த தை மாதப் பயணத்திற்குத் தாய்மாரும் உடன் வரலாம். பேருந்தில் பாதி இருக்கைகள் காலியாகவே இருந்தன.