வீட்டிலிருந்தே முதல் பயிற்சி போதுமா?

முதல் உள்ளகப் பயிற்சியை முழுக்க முழுக்க வீட்டிலிருந்தே முடிப்பது 2020 பெருந்தொற்றுக் காலத்தில் தவிர்க்க முடியாத ஏற்பாடு. இன்று அது பல நிறுவனங்களுக்குச் செலவு மிச்சம். ஆனால் பயிற்சிக்கு வருபவர் கற்பது பெரும்பாலும் பாடத்திட்டத்தில் இல்லாதது: மூத்தவர் ஒரு பிழையை எங்கிருந்து தேடத் தொடங்குகிறார், கோபமான வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுகிறார் என்பவை. அமெரிக்காவின் பெரிய நிறுவனம் ஒன்றின் மென்பொருள் பொறியாளர்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள் எமானுவல், ஹாரிங்டன், பலாய்ஸ் மூவரும், குழுவினர் அருகில் அமர்ந்திருந்தோருக்கே நிரல் குறித்த கருத்துகள் அதிகம் கிடைத்ததையும், அலுவலகம் மூடியதும் அந்த அனுகூலம் பெரிதும் மறைந்ததையும் கண்டனர். இளையவர்களுக்கே இழப்பு அதிகம்.

ஆனால் நேரில் வரச் சொன்னால், தென்காசி மாணவி ஒருவருக்குச் சென்னையில் விடுதி வாடகை யார் கொடுப்பது என்ற கேள்வி நியாயமானது. உதவித்தொகையே தராத நிறுவனங்கள் 'நேரில் வா' என்பது வசதி உள்ளவர்களுக்கு மட்டும் கதவு திறப்பதாகும். அதனால் தொலைநிலைப் பயிற்சியை ஒழிக்கச் சொல்வது தீர்வல்ல. 2020 கோடையில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் நடத்திய சோதனையில், மூத்த மேலாளர்களுடன் இணையவழியில் சாதாரணமாக உரையாடும் வாய்ப்பு பெற்ற பயிற்சியாளர்களுக்கு வேலை வாய்ப்பும் மதிப்பீடும் கூடின. கணினித் திரை அல்ல, ஆள் இல்லாததே குறை. எனவே, வாரந்தோறும் வழிகாட்டியின் நேரத்தை எழுத்தில் உறுதி செய்யாத பயிற்சிக்குக் கல்லூரிகள் மதிப்பெண் வழங்கக் கூடாது.