பேப்பர் கப் வெறும் பேப்பர் அல்ல



"பிளாஸ்டிக் வேண்டாம்னு பேப்பர் கப் வாங்கிட்டோம் சார்" என்று கல்யாண வீடுகளில் பெருமையாகச் சொல்கிறீர்கள். பாராட்ட மனம் வரவில்லை. வெறும் காகிதத்தில் சூடான காபி நிற்குமா? உள்ளே மெல்லிய பாலித்தீன் பூச்சு இருப்பதால்தான் ஒழுகாமல் நிற்கிறது. அதில் 100 மி.லி. சுடுநீர் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலக்கின்றன என்று காரக்பூர் ஐ.ஐ.டி. 2020இல் கண்டறிந்தது.

"மறுசுழற்சி செய்யலாமே" என்பீர்கள். அட்டைப்பெட்டியை ஊறவைத்தால் கூழாகும், மறுபடி அட்டையாகும். கப்பில் பூச்சு நாரை விடாது. பிரிக்கத் தனி ஆலை வசதி வேண்டும். அதனால்தான் பழைய பேப்பர்காரர் அட்டையை எடை போடுகிறார், எச்சில் கப்பைத் தொடுவதில்லை. அவருக்குத் தெரிந்தது, கப்பின் மேல் பச்சை இலை அச்சிடுபவர்களுக்குத் தெரியாதா?

எல்லை தாண்டினால் தமிழ்நாடு. அங்கே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. உற்பத்தியாளர்கள் வழக்காடினார்கள், 2023இல் உச்ச நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. கும்பகோணம் வழியாக வரும் அரசலாறு நம் காரைக்காலில்தான் கடலில் சேர்கிறது. கடைசியில் நின்று குப்பை போடுவது நாமாக இருக்கலாமா?

மாங்கனித் திருவிழா அன்னதானமோ, வீட்டு விசேஷமோ, எவர்சில்வர் டம்ளரை எடுங்கள். கழுவ ஆளில்லை என்று சொல்லாதீர்கள். பந்தியில் உட்கார நூறு பேர் இருக்கிறோம். கழுவ நாலு பேர் கிடைக்க மாட்டார்களா? அட்டைப்பெட்டிகளை நனையாமல், எண்ணெய் படாமல் மடித்துப் பேப்பர்காரரிடம் கொடுங்கள். மறுசுழற்சி அங்கேதான் தொடங்குகிறது.