தண்ணீரைப் பீய்ச்சினால் அறைக்காற்று சுத்தமாகுமா? மல்காஜ்கிரி ஃப்ளாட்டுக்கு ஒரு கணக்கு

சென்னையில் வளர்ந்தவர்களுக்கு ஏர் கூலர் மேல் ஒரு இளக்காரம் உண்டு. 'அது எங்க குளிருது, கசகசன்னு ஆகுது' என்பார்கள். அதே ஆட்கள் வேலை கிடைத்து ஹைதராபாத் போய், செகந்திராபாத்தை ஒட்டிய மல்காஜ்கிரியில் வாடகைக்கு ஃப்ளாட் பிடித்து, முதல் ஏப்ரல் மாதத்தைத் தாண்டும்போது கருத்தை மாற்றிக்கொள்கிறார்கள். அங்கே கூலர் உண்மையாகவே வேலை செய்கிறது.

அதற்கு அடுத்தபடியாக இப்போது விற்பனைக்கு வருவது மிஸ்ட். ஒரு பிரஷர் பம்ப், மெல்லிய டியூப், பித்தளை நாசில்கள். தண்ணீரை அழுத்தத்தில் பீய்ச்சி புகை மாதிரி ஆக்கினால் அறை குளிரும், தூசி அடங்கும், காற்று ஃப்ரெஷ் ஆகும் என்று சொல்லி விற்கிறார்கள். குளிரும் என்பது பாதி உண்மை. தூசி அடங்கும் என்பது கால்வாசி உண்மை. காற்று ஃப்ரெஷ் ஆகும் என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இது வெறும் ஷாப்பிங் விஷயமும் இல்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடும், 2025 ஏப்ரலில் தெலங்கானாவும் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தன. வெப்பத்தால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று இரு அரசுகளும் நிவாரணத்தை நிர்ணயித்தன. நிவாரணத் தொகை பேசும் அளவுக்கு வெயில் வந்துவிட்டது. ஆனால் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் ஒரு வாடகை அறையை ராத்திரி எப்படித் தூங்கும் நிலைக்குக் கொண்டுவருவது என்பதை அவரவர் பர்ஸுக்கு விட்டாகிவிட்டது.

அழுத்தம் எதற்கு?

தண்ணீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். மண்பானை, வெட்டிவேர் தட்டி, ஏர் கூலர் எல்லாமே இந்த ஒரே விஷயத்தை வைத்துத்தான் பிழைக்கின்றன. ஒரு லிட்டர் தண்ணீர் முழுசாக ஆவியாக சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். மணிக்கு 5 லிட்டர் ஆவியானால் அது கிட்டத்தட்ட ஒரு டன் ஏசி இழுக்கும் வெப்பத்துக்குச் சமம்.

இதில் பிரஷரின் பங்கு என்ன? மிஸ்ட் பம்ப் ஒன்று 70 பார் அழுத்தம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து மீட்டர் உயர ஓவர்ஹெட் டேங்க் குழாயில் தருவது வெறும் 1 பார்தான் என்பதை வைத்து இதன் வேகத்தைப் புரிந்துகொள்ளலாம். அந்த 70 பார் ஒரு லிட்டர் தண்ணீருக்குள் ஏற்றும் சக்தி 7 கிலோஜூல். 2,400-க்கு முன்னால் 7! பிரஷர் குளிர்விப்பதில்லை, துளியைப் பொடியாக்க மட்டுமே செய்கிறது. பொடித் துளிக்குப் பரப்பு அதிகம் என்பதால் கீழே விழுவதற்குள் ஆவியாகிவிடும். ஏர் கூலரில் அதே பரப்பைத் தேன்கூடு பேட் தருகிறது. அதற்கு மீன்தொட்டி மோட்டார் மாதிரி ஒரு குட்டி பம்ப் போதும்.

ஹைதராபாத்தில் ஓகே, சென்னையில் ஏன் இல்லை?

எவ்வளவு குளிரும் என்பதை முடிவு செய்வது காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதுதான். ஹைதராபாத் தக்காணப் பீடபூமியில், கடலுக்குத் தூரத்தில் இருக்கிறது. ஏப்ரல், மே மதியத்தில் 40 டிகிரி, 20% ஈரப்பதம் என்பது அங்கே சாதாரணம். அந்தக் காற்றை ஈர பேட் வழியாக இழுத்தால் கொள்கைப்படி 22, 23 டிகிரி வரை இறங்கும். நல்ல கூலர் நடைமுறையில் 26, 27 வரை கொண்டுவரும். சென்னையில் 36 டிகிரி, 60% ஈரப்பதம் உள்ள காற்றை அதே கூலரில் விட்டால் சுமார் 31 டிகிரியில் நின்றுவிடும். அதோடு காற்று ஏறக்குறைய ஈரத்தால் நிறைந்து வரும் என்பதால் உடம்பு வேர்வை காயாது. சென்னைக்காரரின் இளக்காரம் சென்னைக்குச் சரிதான்.

இதுவரை சொன்னது எல்லாம் வெளியிலிருந்து புதுக் காற்று வந்துகொண்டே இருக்கும்போது நடப்பது. அதை நிறுத்தினால் கதையே வேறு.

பத்துக்குப் பத்து அடி அறை, பத்தடி உயரம். உள்ளே இருப்பது சுமார் 28 கன மீட்டர் காற்று. 32 டிகிரியில், 40% ஈரப்பதத்தில் இருக்கும் அந்தக் காற்று இன்னும் எவ்வளவு தண்ணீரைத் தாங்கும்? வெப்பம் குறையாமல் அப்படியே இருந்தாலும் சுமார் அரை லிட்டர். குளிரக் குளிர அதைவிடக் குறைவு. ஆக ஜன்னலை மூடிவிட்டு மிஸ்ட் போட்டால், ஒரு சின்ன வாட்டர் பாட்டில் தீரும் நேரத்துக்குள் மல்காஜ்கிரி அறை மயிலாப்பூர் அறையாகிவிடும். அதற்கு மேல் பீய்ச்சுவது சுவரிலும் மெத்தையிலும்தான் இறங்கும். சில வாரங்களில் அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை.

காற்றைக் கழுவ முடியுமா?

முடியும், ஆனால் எதைக் கழுவுகிறோம் என்பதைப் பொறுத்தது. பெரிய தூசி துளியில் மோதி ஒட்டிக்கொள்ளும். பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள்கள் காற்றோடு சேர்ந்து துளியைச் சுற்றி வளைந்து போய்விடும், பெரும்பாலும் மோதாது. டெல்லியில் தெருவில் நிறுத்தும் தண்ணீர் பீரங்கிகளின் பலன் பற்றிய சண்டைக்கு அடிப்படையே இதுதான்.

மூடிய அறை 'மூச்சு முட்டுது' என்று தோன்றுவதற்கு முக்கியக் காரணங்கள் வெப்பமும், நாம் விடும் மூச்சும், உடம்பு வாடையும். மூச்சில் போகும் கார்பன் டை ஆக்சைடை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு 30, 35 கிராம் வெளியிடுகிறார். அறையில் 1,000 பிபிஎம் இருக்கும்போது ஒரு லிட்டர் தண்ணீரில் கரையக்கூடியது சுமார் ஒன்றரை மில்லிகிராம். அப்படியானால் ஒரே ஒருவரின் ஒரு மணி நேர மூச்சைத் தண்ணீரால் கழுவ 20,000 லிட்டருக்கு மேல் வேண்டும். ஹைதராபாத்தில் 2021 ஜனவரியில் தொடங்கிய இலவசக் குடிநீர்த் திட்டம் ஒரு வீட்டுக்கு ஒரு மாதத்துக்குத் தரும் அளவே 20,000 லிட்டர்தான்!

சரி, தண்ணீரின் வேகத்தால் காற்றை நகர்த்த முடியாதா? முடியும். கெமிஸ்ட்ரி லேபில் குழாயில் மாட்டி உறிஞ்ச வைக்கும் ஃபில்டர் பம்ப் அப்படித்தான் இயங்குகிறது. ஷவரைத் திறந்ததும் பிளாஸ்டிக் திரை காலில் வந்து ஒட்டுவதிலும் அதற்குப் பங்கு உண்டு. கனடாவின் கோபால்ட் நகரச் சுரங்கங்களுக்கு 1910 முதல் விழும் ஆற்றுநீரையே வைத்து அழுத்தக் காற்று தயாரித்து அனுப்பினார்கள். ஆனால் அதற்கு ஒரு ஆறு வேண்டும், நூறு மீட்டர் ஆழத்துக்குத் துளை வேண்டும். ஃப்ளாட்டில் 50 வாட் எக்ஸாஸ்ட் ஃபேன் அதைவிட ஒழுங்காகக் காற்றை நகர்த்தும்.

இதைச் சரியாகச் செய்யும் இடம்: ஸ்பின்னிங் மில்

கோயம்புத்தூர் பக்கம் மில் வேலை பார்த்த உறவினர் யாராவது இருந்தால் ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்ட் பற்றிக் கேட்டுப் பாருங்கள். காற்று காய்ந்தால் நூல் அறுந்துபோகும், பஞ்சு பறக்கும். அதனால் ஒரு தனி அறைக்குள் வரிசையாக நாசில்கள் வைத்து, பம்ப் அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சி, அந்தத் திரை வழியாகப் பெரிய ஃபேன் காற்றைச் செலுத்தும். காற்று கழுவப்பட்டு, குளிர்ந்து, ஈரமாகி வரும். கூடவே வரும் துளிகளை வளைந்த தகடுகள் தடுத்துவிடும், ஆவி மட்டும் உள்ளே போகும். மெஷின்களுக்குக் கீழே தரையில் ஓடும் கால்வாய் வழியாகப் பழைய காற்று திரும்ப இழுக்கப்பட்டு, பஞ்சு வடிகட்டப்பட்டு, ஒரு பகுதி வெளியேற்றப்படும்.

ஏசியின் பிறப்பே இங்கேதான். வில்லிஸ் கேரியர் 1906-ல் வாங்கிய காப்புரிமை, தண்ணீர்த் தெளிப்பால் காற்றைப் பதப்படுத்தும் கருவிக்கானது. 'ஏர் கண்டிஷனிங்' என்ற பெயரை அதே ஆண்டு வைத்த ஸ்டூவர்ட் கிரேமரும் ஜவுளி ஆலைக்காரர்தான்.

மில்லுக்கும் மிஸ்ட் கிட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பாருங்கள். நாசில் இரண்டிலும் இருக்கிறது. துளியைத் தடுக்கும் தகடு, தள்ளும் ஃபேன், பழைய காற்று போகும் வழி ஆகிய மூன்றும் மில்லில் மட்டும். நமக்கு விற்கப்படுவது நாசில் மட்டும்.

துளிக்குள் என்ன இருக்கிறது?

விளம்பரங்கள் தொடாத பகுதி இது. பேடில் தண்ணீர் ஆவியானால் அதிலிருக்கும் உப்பு பேடிலேயே வெள்ளையாகப் படியும். மிஸ்டில் அது காற்றில்தான் நிற்கும். போர்வெல் தண்ணீரின் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்றால், 15 மைக்ரான் துளி ஒன்று காய்ந்ததும் சுமார் 1 மைக்ரான் உப்புத் துகளாக மிஞ்சும். அதாவது நாமே தயாரித்த பிஎம் 2.5. அந்த 28 கன மீட்டர் அறையில் அரை லிட்டர் பீய்ச்சினால் மொத்தம் 250 மில்லிகிராம் உப்பு. அதில் நூறில் ஒரு பங்கு மட்டும் மிதந்தாலே கன மீட்டருக்கு 90 மைக்ரோகிராம் ஆகிறது. இந்தியாவின் 24 மணி நேர வரம்பு 60.

உப்பு போகட்டும், கிருமி? 1976-ல் பிலடெல்பியா ஹோட்டலில் நடந்த முன்னாள் ராணுவத்தினர் மாநாட்டுக்குப் பிறகுதான் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா கண்டுபிடிக்கப்பட்டது. தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீரில் வளர்ந்து, நுண்துளி வழியாக நுரையீரலுக்குப் போகும். 1989-ல் அமெரிக்காவின் போகலூசாவில், ஒரு மளிகைக் கடையில் காய்கறி வாடாமல் இருக்க வைத்த மிஸ்ட் மெஷினிலிருந்தே பலருக்கு நிமோனியா பரவியது. அதற்குப் பயந்து டேங்கில் கிருமிநாசினி ஊற்றுவது இன்னும் மோசம். தென்கொரியாவில் ஹ்யூமிடிஃபையர் தண்ணீரில் கலக்கும் கிருமிநாசினியைச் சுவாசித்துப் பலர் நுரையீரல் பாதித்து இறந்தார்கள், 2011-ல்தான் காரணமே தெரிந்தது. கூலர் டேங்கில் சென்ட் ஊற்றும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடலாம். தோலில் பட்டால் ஒன்றும் செய்யாத பொருள் நுரையீரலுக்குள் போனால் அப்படி இருக்காது.

அப்போ மல்காஜ்கிரி ஃப்ளாட்டில் என்னதான் செய்வது?

இரண்டு பேர் கதவு ஜன்னலை அடைத்து ஏசியில் தூங்கினால், கார்பன் டை ஆக்சைடு ஓரிரு மணி நேரத்தில் 1,000 பிபிஎம்-ஐத் தாண்டிவிடும். சாதாரண ஸ்ப்ளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிவிடுகிறது. ஆனால் மணிக்கு 1,500 கன மீட்டர் தள்ளும் ஒரு நடுத்தரக் கூலர், வெளிக்காற்றை இழுக்கும்படி வைத்தால், அந்தச் சின்ன அறையின் காற்றை மணிக்கு 50 முறை மாற்றிவிடும். காற்றோட்டம் என்ற வார்த்தைக்குத் தகுதியான கருவி அதுதான். அதைச் செய்வது ஃபேன், தண்ணீர் அல்ல.

பிரச்னை கட்டடத்தில் இருக்கிறது. நெருக்கி நெருக்கிக் கட்டிய ஐந்து மாடிகள், ஜன்னலைத் திறந்தால் பக்கத்துச் சுவர், அடைத்துக் கட்டிய பால்கனி. கூலருக்கு வெளியே இடமில்லாமல் பலர் அதை அறைக்கு நடுவில் டேபிள் ஃபேன் மாதிரி நிறுத்துகிறார்கள். அது விட்ட ஈரத்தையே அது திரும்ப இழுக்கும். கூலரின் முதுகு வெளியே பார்க்க வேண்டும், எதிர்ப்பக்கம் சுமார் 2 சதுர அடி திறப்பு இருக்க வேண்டும். ஜன்னல் திறக்க வழியில்லை என்றால் மிஸ்ட் கிட் வாங்கும் பணத்தில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுங்கள். ஓட்டை போட ஹவுஸ் ஓனர் சம்மதிப்பாரா என்பது தனிப் போராட்டம்! பிஎம் 2.5-ஐ கூலர் பேட் பெரிதாகத் தடுக்காது என்பதால், ரோட்டுப் பக்கம் இல்லாத ஜன்னலைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

தண்ணீர்ச் செலவு பயப்படும் அளவுக்கு இல்லை. மணிக்கு 5 லிட்டர், தினம் 8 மணி நேரம் என்றால் மாதம் 1,200 லிட்டர். ஆனால் மே மாதத்தில் டேங்கருக்குக் காத்திருக்கும் அபார்ட்மென்டில் அதுவும் ஒரு கணக்குதான். வாரம் ஒரு முறை டேங்கைக் காலி செய்து, ஓரங்களைத் தேய்த்துக் கழுவிக் காயவிட வேண்டும். டெங்கு கொசு முட்டை வைப்பது அந்த ஓரங்களில்தான்.

டாப் ஃப்ளோரில் இருப்பவர்களுக்கு எந்தக் கருவியையும்விட மேலே அடிக்கும் வெள்ளை கோட்டிங் முக்கியம். 2023 ஏப்ரலில் வந்த தெலங்கானா கூல் ரூஃப் கொள்கை, 2028-க்குள் 300 சதுர கிலோமீட்டர் கூரையை வெப்பம் திருப்பும் கூரையாக மாற்றுவதாகச் சொல்கிறது. ஆனால் குடியிருப்புகளில் 600 சதுர கெஜமும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்குத்தான் அது கட்டாயம், சின்ன மனைகளுக்கு விருப்பம் மட்டுமே. மல்காஜ்கிரியின் தனி மனைகளில் எழுந்த மாடிகளில் எத்தனை அந்த வரம்புக்குள் வரும் என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பார்க்கலாம். அந்தக் கொள்கை நிஜமாக யாருக்குத் தேவையோ அவர்களையே விருப்பப் பட்டியலில் வைத்திருக்கிறது.

ஜூன் இரண்டாவது வாரம் மழைக்காற்று வந்ததும் ஹைதராபாத் காற்றும் ஈரமாகிவிடும். அப்போது கூலரின் பம்ப் சுவிட்சை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள்.