மழைக்குட்டைகளையும் கணக்கில் எடுங்கள்

கார்த்திகை, மார்கழியில் வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்துக்கு வருபவர்கள் காட்சிக் கோபுரத்தில் ஏறி, மரங்களை நிறைத்திருக்கும் கூழைக்கடாக்களையும் நத்தைகுத்தி நாரைகளையும் பார்க்கிறார்கள். அதற்கு முன்பே, பெருமழை கொட்டிய இரவுகளில், சுற்றியுள்ள வயல்களிலும் சாலையோரப் பள்ளங்களிலும் இன்னொரு இனப்பெருக்கக் காலம் தொடங்கிவிடுகிறது. அதைப் பார்க்க யாரும் வருவதில்லை. பாதுகாப்பவர்களும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை.

வயலில் வாழும் பெரிய பச்சைத் தவளையின் ஆண் அந்த நாட்களில் எலுமிச்சை மஞ்சளாக நிறம் மாறிவிடும். கத்தும்போது தொண்டையின் இரு புறமும் நீலப் பைகள் உப்பும். குரல் கேட்டு வரும் பெண்ணின் முதுகை அது இறுகப் பற்றிக்கொள்ளும். பெண் முட்டையிட, ஆண் அவற்றின் மேல் விந்தைச் சொரிய, கரு தண்ணீரில்தான் உருவாகிறது. அந்த முட்டைகளுக்கு ஓடு கிடையாது. வழுவழுப்பான கூழ் ஒன்றே காப்பு. தேரை தன் முட்டைகளை நீண்ட சரமாக இடும். மரத்தவளையோ தன் உடல் சுரப்பைப் பின்னங்கால்களால் கடைந்து நுரைக்கூடு கட்டி, தண்ணீருக்கு மேலே செடியிலோ தொட்டிச் சுவரிலோ ஒட்டி வைக்கும். பொரிந்த தலைப்பிரட்டைகள் அங்கிருந்து நேரே தண்ணீரில் விழும்.

அதன் பிறகு நடப்பது வியப்பானது. செவுளால் மூச்சுவிட்டு, பெரும்பாலும் பாசியைச் சுரண்டித் தின்று, சுருள் சுருளான நீண்ட குடலோடு நீந்தும் ஓர் உயிர் சில வாரங்களில் தன்னையே கலைத்துக் கட்டிக்கொள்கிறது. முதலில் பின்னங்கால்கள், பிறகு முன்னங்கால்கள். குடல் சுருங்குகிறது, நுரையீரல் வேலை செய்யத் தொடங்குகிறது, வால் உடலுக்குள்ளேயே கரைந்துபோகிறது. இத்தனையையும் முடுக்கிவிடுவது தைராய்டு சுரப்பிதான். 1912-இல் குடர்நாட்ச் என்ற ஆய்வாளர் தலைப்பிரட்டைகளுக்குத் தைராய்டுத் திசுவை ஊட்டியபோது அவை காலத்துக்கு முன்பே குட்டித் தவளைகளாக மாறின.

இந்த மாற்றம் தண்ணீர் வற்றுவதற்குள் முடிந்தாக வேண்டும். தார்வாடில் உள்ள கர்நாடகப் பல்கலைக்கழக விலங்கியலாளர்கள் மண்ணில் புதைந்து வாழும் தவளை இனம் ஒன்றின் தலைப்பிரட்டைகளை ஆராய்ந்து, நீர்மட்டம் குறையக் குறைய அவை விரைவாக உருமாறுவதை 2011-இல் வெளியிட்டார்கள். பொதுவாக, இப்படி அவசரமாகக் கரையேறும் தவளை உருவில் சிறுத்திருக்கும். அதன் பிழைப்பும் கடினம்தான்.

இவ்வளவு ஆபத்தான இடத்தில் ஏன் முட்டையிட வேண்டும்? வற்றும் குட்டையில் மீன் இருக்காது என்பதே காரணம். ஏரியில் மீன்களும், அவற்றைத் தேடி வரும் பறவைகளும் காத்திருக்கும்போது, மழைக்குட்டையே பல தவளை இனங்களுக்குப் பிரசவ அறை. நாம் "வெறும் பள்ளம்" என்று கட்டட இடிபாட்டைக் கொட்டி மூடுவது அந்த அறையைத்தான். செங்கல்பட்டு மாவட்டத்தில் வயல்கள் மனைகளாகும்போது முதலில் மறைவதும் இவைதான்.

வேடந்தாங்கல் மக்கள் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆட்சியர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் அவர்களுடைய உரிமையை ஏற்றார். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஏரிக்கும் வயலுக்கும் உள்ள அந்த உறவு இன்னும் அறுபடவில்லை. கொக்கும் மடையானும் வக்காவும் தவளைகளையும் தலைப்பிரட்டைகளையும் பிடிப்பது ஏரிக்கு வெளியேயும்தான். பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் ஏரி சேர்ந்தது பெருமைக்குரியது. ஆனால் கூட்டில் காத்திருக்கும் குஞ்சுக்கு இரை தரும் வயல் வரப்பு அந்தப் பெருமையில் பங்கு பெறவில்லை. 2020-இல் ஏரியைச் சுற்றிய சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் ஆரத்தை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் யோசனை வந்தபோது எழுந்த எதிர்ப்பு முழுக்க நியாயமானது. குறைக்க முனைந்த அந்த வெளிவட்டத்தில் வயலும் வாய்க்காலும் பள்ளமும் இருக்கின்றன.

தவளை குறைந்தால் மனிதருக்கும் இழப்புதான். வயல்களிலிருந்து தவளைகளைப் பிடித்து நடந்துவந்த தவளைக்கால் ஏற்றுமதியை இந்தியா 1987-இல் தடை செய்தது. பூச்சிகளைத் தின்னும் தவளை வயலில் இருப்பதே லாபம் என்ற வாதம் அன்று வலுவாக ஒலித்தது. மத்திய அமெரிக்காவில் கோஸ்டா ரிகா, பனாமா நாடுகளில் பூஞ்சை நோயால் தவளைகள் அழிந்த இடங்களில் மலேரியா கூடியதை 2022-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உலகின் நீர்நில வாழ்வன இனங்களில் சுமார் 41 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருப்பதாக 2023-இல் வந்த உலகளாவிய மதிப்பீடு கூறுகிறது.

செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஏரியைச் சுற்றிய 5 கிலோமீட்டருக்குள் மழைநீர் தேங்கும் பள்ளங்களை ஊராட்சிகள் வரைபடத்தில் குறித்து, மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போது அந்த வரைபடத்தைப் பார்க்க வேண்டும். பண்ணைக்குட்டை வெட்டும்போது ஒரு பக்கக் கரையையாவது சரிவாக விட்டால் குட்டித் தவளை ஏறி வெளியேறும். எல்லாக் குட்டையிலும் மீன் விட வேண்டாம். கொசுவை ஒழிக்க விடப்படும் கம்பூசியா மீன் தலைப்பிரட்டைகளையும் தின்றுவிடும் என்பதால், மழைக்குட்டைகளில் அதை விடுவதைச் சுகாதாரத் துறை நிறுத்த வேண்டும். தவளைகள் முட்டையிடும் வாரங்களில் வயலில் பூச்சிமருந்து தெளிப்பதைத் தள்ளிப்போட வேளாண் துறை விவசாயிகளிடம் பேச வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் பள்ளங்களின் கணக்கையாவது எடுத்து முடிக்கலாம்.